சனிக்கிழமை பத்து மணிக்கு முற்றத்தில்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

நோர்வேயின் ஹொல்ம்லியாவில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடங்களின் நிர்வாகக் குழுவில் நான் ஒன்பது ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். ஒவ்வோர் இளவேனிலிலும் குடியிருப்பாளர்களுக்கு அனுப்பப்படும் பொதுவேலை அறிவித்தலை எழுதுவது என் பொறுப்பு. அந்த அறிவித்தலில் நெடுங்காலமாக இருந்துவந்த ஒரு வாக்கியத்தை ஆண்டுதோறும் நான் நீக்கிவிடுகிறேன். ஏன் நீக்குகிறீர்கள் என்று குழுவினர் கேட்டால், அறிவித்தல் நீண்டுவிடுகிறது என்று சொல்லிச் சமாளிக்கிறேன். அது உண்மைக் காரணம் அன்று. எனக்குப் பின் அந்த நாற்காலியில் அமரக்கூடிய, தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கேனும் உண்மைக் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளியை விட்டு வந்தவள். மிகுதித் தமிழை நூலகத்து நூல்களிலிருந்து நானாகவே கற்றுக்கொண்டேன். பிழைகள் இருப்பின் பொறுத்தருள்க.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா, அம்மா, நான், தம்பி ஆகிய நால்வரும் இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். வீட்டில் நோர்வேஜிய மொழியை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே. அப்பாவுக்கு உணவகமொன்றின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் வேலை; அவ்வேலைக்கு வேண்டிய சொற்கள் பத்துக்கு மேல் இல்லை. ஆகவே வீட்டுக்கு வரும் கடிதங்கள் அனைத்தும் முதலில் என் கைக்கே வந்தன.

இந்நாட்டின் சட்டங்களிடம் அப்பா கொண்டிருந்த மரியாதை, நாய்க்குப் பயந்தவன் நாய்க்குக் காட்டும் மரியாதையை ஒத்தது. ஞாயிற்றுக்கிழமையின் அமைதியைக் குலைக்கலாகாது என்று நாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அன்று மேல்மாடத்தில் உடுப்புக் காயப்போடக் கூடாது, கம்பளத்தை உதறக் கூடாது, மாலை எட்டுக்குப் பின் சுவரில் துளையிடக் கூடாது என்று கட்டடத்தின் விதிப் புத்தகம் சொல்லியது. இவற்றை எல்லாம் என்னைக் கொண்டு மொழிபெயர்ப்பித்து, சமையலறை அலுமாரியின் உட்கதவில் ஒட்டிவைத்த அப்பா, இரவு பத்துக்குப் பின் மலகூடத்தில் தண்ணீர் திறக்கலாகாது என்பது போன்ற தம் சொந்த விதிகளையும் அடியில் சேர்த்துக்கொண்டார். ஞாயிறன்று தேங்காய் துருவுவதும் குற்றம் என்பது அவருடைய தீர்ப்பு. அதனால் எங்கள் வீட்டுச் சம்பல் எப்போதும் சனிக்கிழமையே பிறந்து, ஞாயிற்றுக்கிழமை பழையதாகி உண்ணப்பட்டது.

அந்தப் பட்டியலில் அவர் ஒட்டாமல் விட்ட விதி ஒன்று உண்டு. விருந்தினர் எவரும் சில கிழமைகளுக்கு மேல் தங்கினால் அவருடைய பெயரைக் குடியிருப்பாளர் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது அது. அந்தப் பனிமாரியில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தார். அவர் எங்களுடன் தங்குவதை எவரும் தடுக்கவில்லை. பெயரை அறிவித்திருந்தால் போதும். அப்பாவோ மறுத்துவிட்டார்.

"பேர் ஒருக்கா எழுதுப்பட்டால் பிறகு அழிக்கேலாது," என்றார். "அவன் இஞ்சை இருக்கிறது ஆருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

மாமாவுக்கு இருபத்துநான்கு வயது இருக்கும். வீட்டுக்குள் அவர் பூனைபோல நடந்தார். இருமல் வந்தால் தலையணையில் முகம் புதைத்தார். அழைப்பு மணி ஒலித்தால் அடுத்த கணம் அவர் இருந்த இடத்தில் அவர் இருக்கமாட்டார். இதை ஒரு விளையாட்டாகவே தம்பியும் நானும் எடுத்துக்கொண்டோம்.

எங்களைக் காட்டிக்கொடுத்தவை மாமாவின் சப்பாத்துகள். செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவைக்கும் எங்கள் வழக்கத்தை நாங்கள் கைவிடவில்லை. நெருப்புப் பிடித்தால் ஓடித் தப்ப வேண்டிய படிக்கட்டு என்பதால், அங்கே எதையும் வைக்கலாகாது என்பது விதி. ஒருநாள் நான் பள்ளியால் வந்தபோது, கீழ்வீட்டு நோர்வேஜிய அம்மையார் எங்கள் வாசலில் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பெரிய சப்பாத்து யாருடையது?" என்று கேட்டார்.

"அப்பாவுடையது."

"மற்றப் பெரிய சப்பாத்து?"

"அதுவும் அப்பாவுடையது."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்படியானால் உன் அப்பாவுக்கு நான்கு கால்கள் இருக்க வேண்டும்," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கிப் போனார்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எண்ணுறாள்," என்றார். "கவனிச்சியளே, மனுசி எண்ணுறாள்." அன்று முதல் சப்பாத்துகள் உள்ளே வந்தன. மாமாவின் சப்பாத்துகள் மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டுக் கட்டிலின் கீழே போயின. அம்மையாரைப் படியில் கண்டால் நானும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். அவர் வீட்டுக் கதவில் இருந்த பார்வைத் துளை எந்நேரமும் எங்களையே பார்த்திருப்பதாக நான் நம்பினேன்.

இரண்டு கிழமைகள் கழித்து அந்தக் கடிதம் வந்தது.

"பிள்ளை, வடிவா வாசி. ஒரு சொல்லும் விடாதை," என்றார் அப்பா.

நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குடியிருப்பாளர்கள் எல்லாரும் முற்றத்தில் கூட வேண்டும். வீடுவாரியாகப் பெயர் அடையாளமிடப்படும். வராதவர்கள் காரணம் தெரிவிக்க வேண்டும். தலைப்பில் பெரிய எழுத்தில் டுக்னாட் என்று இருந்தது. அச்சொல் என் வகுப்புப் புத்தகத்தில் வந்ததில்லை. நோர்வேஜியருக்கு விளக்கம் தேவைப்படாத சொல் என்பதால் கடிதத்திலும் விளக்கம் இல்லை.

"டுக்னாட் எண்டால் என்ன?"

"ஏதோ கூட்டம்போலை, அப்பா."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது; அம்மா அதைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் இப்படியான அழைப்பு ஒலிபெருக்கியில் வரும். ஊர்ச் சனம் முழுவதும் பள்ளிக்கூட மைதானத்தில் கூட வேண்டும். ஆயுதம் தாங்கியவர்கள் சுற்றிவர நிற்பார்கள். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு மூடிய ஓர் ஆள், கண்ணுக்கு இரண்டு ஓட்டைகளுடன், வாகனத்தில் இருத்தப்பட்டிருப்பான். அவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடந்து போக வேண்டும். அவன் தலையை ஆட்டினால், நடந்து போனவர் வீடு திரும்பமாட்டார். அவனைத் தலையாட்டி என்று சொல்வோம். சாக்குக்குள் இருந்தவன் யார் என்பது ஒருநாளும் தெரியவராது. அடுத்த வீட்டுக்காரனாகவும் இருக்கலாம். பதினொரு வயதில் எனக்கு இதெல்லாம் தெரியும். நாங்கள் குழந்தைகளாக இருந்தபோதே அந்த வரிசையில் நடந்தவர்கள்.

"இந்த நாட்டிலையுமோ?" என்றார் அம்மா.

"உவள் கீழ்வீட்டுக்காரிதான் சொல்லியிருப்பாள். சப்பாத்தை எண்ணிப்போட்டுச் சொல்லியிருக்கிறாள்."

"ஆரையும் கேட்டுப் பாப்பமே? பியோர்ண்டாலிலை எங்கடை ஆக்கள் இருக்கினம்."

"கேட்டால், ஏன் கேக்கிறாய் எண்டு கேப்பினம். பிள்ளை, பள்ளிக்கூடத்திலையும் வாய் திறக்காதை."

மாமா சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "முகம் மூடின ஆள் வரும் எண்டு எழுதிக் கிடக்கோ, பிள்ளை?"

"இல்லை, மாமா."

"வடிவாப் பார்."

நான் தாளைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கத்தில் ஆவி பறக்கும் ஒரு கோப்பியின் படமும் வாஃபல் என்னும் இனிப்பு அப்பத்தின் படமும் வரையப்பட்டிருந்தன. அதைச் சொன்னேன். "அது சனத்தை வரப்பண்ணுறதுக்கு," என்றார் அப்பா.

சனம் மைதானத்தில் நிற்கும்போது வீடுகளைச் சோதனையிடுவார்கள் என்பது அனுபவம் எங்களுக்குக் கற்பித்த பாடம். எனவே மாமா வீட்டில் இருக்கக் கூடாது. கட்டடத்தின் அடியில், நிலவறையில், ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த சிறு சாமான் அறை உண்டு. எங்கள் அறையில் இரண்டு பயணப்பெட்டிகளும் உடைந்த கதிரை ஒன்றும் இருந்தன. சனிக்கிழமை விடிந்ததும் மாமா குளிரங்கியை மாட்டிக்கொண்டு, அந்தப் பெட்டிகளின் பின்னால் போய் இருந்துகொண்டார். அப்பா வெளியே பூட்டுப் போட்டு, சாவியை அம்மாவிடம் கொடுத்தார்.

பின்னர் நாங்கள் புறப்பட்டோம். அப்பா தம்மிடம் இருந்த ஒரே கோட்டை அணிந்து, எல்லாருடைய பத்திரங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டார். வெயிலில் மணிக்கணக்காக இருத்திவைப்பார்கள் என்று எண்ணி, அம்மா ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட் பொட்டலமும் எடுத்துக்கொண்டார். தம்பியின் சட்டைப் பைக்குள் எங்கள் முகவரி எழுதிய கடதாசி வைக்கப்பட்டது. இப்படியாக ஐந்தாறு பாகை வெயிலில், கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களைப் போல நாங்கள் முற்றத்துக்கு இறங்கினோம்.

முற்றத்தில் சனம் கூடியிருந்தது. பழைய காற்சட்டையும் கிழிந்த கம்பளிச் சட்டையும் அணிந்து, கையுறைகளோடு நின்றார்கள். மேசையின் பின்னால் ஒருவர் பட்டியலும் பேனையுமாக இருந்தார். அவருக்கு அருகில் நின்ற ஆளைக் கண்டதும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்றும் எனக்கு வலிக்கிறது.

அந்த ஆள் தலை முதல் கால்வரை வெள்ளை உறையால் மூடப்பட்டிருந்தான். தலையில் முக்காடு, கண்ணில் அகன்ற கண்ணாடி, மூக்கையும் வாயையும் மூடிய கவசம். பட்டியல்காரர் ஒரு பெயரைக் கூப்பிடுவார். திரும்பி அவனிடம் ஏதோ கேட்பார். அவன் தலையை ஆட்டுவான். பெயருக்குரியவர் ஒரு பக்கமாகப் போவார். அடுத்த பெயர். அவன் தலையை ஆட்டுவான்.

"எழுதேல்லை எண்டனீயே," என்றார் அப்பா, உதடு அசையாமல்.

எங்கள் முறை வந்தது. அப்பா முன்னே போய்ப் பத்திரங்களை மேசையில் விரித்துவைத்து, கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு நின்றார். பட்டியல்காரர் அவற்றை வியப்போடு பார்த்து, மெதுவாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "இது வேண்டாம். கையுறை இருக்கிறதா என்று உன் அப்பாவிடம் கேள்," என்றார் என்னிடம். பின் வெள்ளை உறைக்காரனிடம் திரும்பி, "குப்பைவாரி இன்னும் இருக்கிறதா?" என்றார். அவன் தலையை ஆட்டினான்.

அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. அப்பாவுக்கு விளங்கியது தலையாட்டம் மட்டுமே. "குப்பைவாரி அப்பா, குப்பைவாரி" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் தண்டனை பெற்றவரைப்போல ஒதுக்கப்பட்ட பக்கத்துக்கு நடந்தார். அங்கே அவர் கையில் நீண்ட பிடியுடைய ஒரு குப்பைவாரி கொடுக்கப்பட்டது. மாரியில் பனி வழுக்காமலிருக்கப் பாதைகளில் கொட்டிய சிறுகற்களை வாரும்படி சைகை காட்டினார்கள். அவர் கோட்டோடு வாரத் தொடங்கினார். அத்தனை வேகமாகக் கல் வாரிய மனிதரை அந்த முற்றம் அதற்கு முன் கண்டிராது.

டுக்னாட் என்பது குடியிருப்பாளர்கள் கூடிச் செய்யும் பொதுவேலை, வேறொன்றும் இல்லை என்பது எனக்குள் மெல்ல ஊறியது. சிரிப்பும் வந்தது. அச்சிரிப்பு முடிவதற்குள் பட்டியல்காரர், "உங்கள் படிக்கட்டின் பெண்களுக்கு நிலவறை," என்றார். கீழ்வீட்டு அம்மையார் ஒரு கையில் சாவிக்கொத்தும் மறு கையில் இரண்டு தும்புத்தடிகளுமாக எங்களை நோக்கி வந்தார்.

அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. படிகளில் இறங்கும்போது என் காதுக்குள், "சொல்லு பிள்ளை, எங்கடை அறையை நாங்களே கூட்டுவம் எண்டு சொல்லு," என்றார். நான் சொன்னேன். "ஒன்றாகச் செய்தால் விரைவில் முடியும்," என்று சொல்லிக்கொண்டே அம்மையார் விளக்கைப் போட்டார்.

மரச்சட்டங்களின் இடைவெளியால் எல்லாமே தெரிந்தன. பெட்டிகளின் பின்னால் மாமா எழுந்து நின்றார். எவரும் கேளாமலே இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். கண்களை மூடியிருந்தார். வெளியே பூட்டுத் தொங்கியது.

அம்மையார் நெடுநேரம் பார்த்தார். முதலில் அவர் முகத்தை, பிறகு பூட்டை, பிறகு குனிந்து கால்களை.

"ஆ, மற்றப் பெரிய சப்பாத்து," என்றார்.

அம்மா பூட்டைத் திறந்தார். அம்மையார் உள்ளே சென்று, மாமாவின் கைகளில் ஒன்றைத் தலையிலிருந்து விடுவித்து, அதில் ஒரு தும்புத்தடியை வைத்தார். பின்னர் மூலையைச் சுட்டிக்காட்டினார். மாமா கூட்டினார். எங்கள் அறையை, அம்மையாரின் அறையை, எல்லா அறைகளையும், நிமிராமல் கூட்டி முடித்தார். அதன்பின் அம்மையார் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு அழைத்துப்போய், மேசையின் முன் நிறுத்தினார். "இவர்களின் விருந்தினர். நன்றாக வேலை செய்தார்," என்றார்.

கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார் என்றே நான் நினைத்தேன். அப்பா குப்பைவாரியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பட்டியல்காரர் பெயரைக் கேட்டார். எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, மாமா தம் முழுப் பெயரையும் தெளிவாகச் சொன்னார். அதை எழுத்துக்கூட்ட முயன்று தோற்ற பட்டியல்காரர், எங்கள் வீட்டுப் பெயருக்கு நேரே "கூடுதலாக ஒருவர்" என்று எழுதினார். தட்டிலிருந்து ஒரு வாஃபலை எடுத்து நீட்டினார்.

மாமா அதை வாங்கவில்லை. அவர் வெள்ளை உறைக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சைக்கிள் கொட்டகையின் சுவருக்கு வண்ணம் தெளித்துக்கொண்டிருந்தான். மாமா அவனை நோக்கி நடந்தார். "தம்பி, வேண்டாம், வாரும் இஞ்சாலை," என்று அப்பா மாமாவின் கையைப் பிடித்தார். மாமா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போய், அவனுக்கு நேரெதிரே நின்று, கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தார்.

"பிள்ளை, இவரிட்டைக் கேள்," என்றார். "உள்ளுக்கை வேர்க்குதோ? மூச்சு முட்டுதோ?"

நான் கேட்டேன். அவன் கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றினான். உள்ளே, வியர்வையில் குளித்துச் சிவந்த முகத்தோடு, மாமாவின் வயதுடைய ஓர் இளைஞன் இருந்தான். "பயங்கரம்," என்று சிரித்தான். "அரை மணி நேரம் போனால் கண்ணாடி மூடிவிடும். யார் வருகிறார், யார் போகிறார் என்றே தெரியாது. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன்."

நான் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன்.

"ஓம்," என்றார் மாமா. சிறிது பொறுத்து மறுபடியும், "ஓம்," என்றார். அம்மாவிடமிருந்து தண்ணீர்ப் போத்தலை வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, இரு கைகளாலும் அவனிடம் நீட்டினார். அவன் குடித்து முடிக்கும்வரை, பார்த்தபடியே நின்றார்.

மாமாவைத் தேடி எவரும் வரவில்லை. அவருடைய பெயரைச் சங்கத்துக்கு அறிவிக்கும் படிவத்தை அம்மையாரே கொண்டுவந்து தந்தார். அப்பா அதை மூன்று நாள் வைத்திருந்து, என்னிடம் மூன்று முறை வாசிப்பித்த பிறகே ஒப்பமிட்டார். மறு ஆண்டு மாமாவுக்கு வதிவிட அனுமதியும் கிடைத்தது. ஹவுகெட்டோவில் வீடு எடுத்து, முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டினார். அப்பாவோ அம்மையார் இறக்கும்வரை, "உவள்தான் அண்டைக்குக் கடிதம் போடுவிச்சவள்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மையார் அன்று செய்தது இன்னதென்று அறிய எனக்கே பல ஆண்டுகள் பிடித்தன. அவருக்கு நன்றி சொல்ல நான் போனதில்லை.

ஆனால் நான் விளங்கிக்கொள்ளாமல் இருந்தவற்றுள் அது சிறியது. மாமா அன்று கைகளைத் தலையில் வைத்ததும், அந்த உறைக்காரனை உற்றுப் பார்த்ததும், காட்டிக்கொடுக்கப்படுவோம் என்ற பயத்தால் என்றே நாற்பது ஆண்டுகள் நினைத்திருந்தேன். சென்ற மாரியில், மருத்துவமனைக் கட்டிலில், தாம் போகப்போவதை அறிந்திருந்த மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குச் சாக்குப் போட்டவை, பிள்ளை. ஒரு பகல் முழுக்க. அடிச்சுப்போட்டு, வாகனத்திலை இருத்திப்போட்டு. கண்ணுக்குள்ளை வேர்வை. ஒருதரையும் வடிவாத் தெரியேல்லை."

மைதானத்து வரிசையில் நடந்தவர் அல்லர் அவர், சாக்குக்குள் இருந்தவர். எத்தனை முறை தலையை ஆட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாங்களும் ஒருகாலத்தில் அப்படியொரு வரிசையில் நடந்தோம் என்பதை முன்னரே எழுதினேன். அவரை இருத்தியது எந்த ஊர், எந்த மைதானம் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று முற்றத்தில் நான் மொழிபெயர்த்தது வியர்வையைப் பற்றிய உபசார வார்த்தை என்றே எண்ணியிருந்தேன். மாமா தம் வாழ்நாளில் கேட்கத் துணிந்த ஒரே கேள்வியை, சாக்குக்குள் இருந்த ஒருவன் மற்றொருவனிடம் கேட்டதை, பதினொரு வயதில் நான் ஒரு மொழியிலிருந்து மறு மொழிக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கிடைத்த மறுமொழியையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் என் வாய்வழியே போயின. எதுவும் எனக்கு விளங்கவில்லை.

நான் நீக்கும் வாக்கியம், "வீடுவாரியாகப் பெயர் அடையாளமிடப்படும்" என்பது. அது இல்லாமலே ஒவ்வோர் ஆண்டும் சனம் வருகிறது, கல் வாரப்படுகிறது. இந்த எழுத்தை அந்த அறிவித்தல்கள் இருக்கும் கோப்பிலேயே சேர்த்து வைத்திருக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.